ரேடியேட்டரின் மேல்பாதி சுடுகிறது, கீழ்ப்பாதி ஏன் சில்லென்று கிடக்கிறது?

துணி காயப்போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இங்கிலாந்துக்கு வந்த முதல் நவம்பர். ஹாலில் இருந்த ரேடியேட்டர் மேல் ஜீன்ஸைத் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து எடுத்தால் இடுப்புப் பட்டை அப்பளமாகக் காய்ந்திருக்கிறது, கால் பக்கம் பிழிந்தால் சொட்டும் போல இருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். மேலே ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. கீழே நடுவில் சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஊரில் ரேடியேட்டர் என்றால் லாரி டிரைவர் வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற ரேடியேட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பார்க்க வந்த பிளம்பர் தட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு மாத்திடலாம்" என்றார். மாற்றவில்லை. அதே ரேடியேட்டர்தான் இன்றும் ஓடுகிறது. இடையில் கற்றுக்கொண்டதை, இந்த ஊர்க் குளிருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். இது கேஸ் பாய்லரும், அதிலிருந்து சுடுதண்ணீர் சுற்றி வருகிற இரும்புத் தகடு ரேடியேட்டரும் உள்ள வீடுகளுக்கான குறிப்பு. சுவர் ஹீட்டரிலிருந்து குழாய்க்குப் பதில் மின்சார ஒயர் போகிறது என்றால் அது வேறு கதை. புது அடுக்குமாடிகள் சிலவற்றில் கட்டடம் முழுமைக்கும் ஒரே கொதிகலன் இருக்கும், உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். அதில் கை வைக்காமல் கட்டட நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள்.

வாடகை வீடு என்றால் இன்னொரு விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீர் ஏற்பாட்டையும் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் சட்டப்படியான பொறுப்பு. இங்கிலாந்தில் இதைச் சொல்வது 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. நாமே சரி செய்துவிடலாமே என்று ஸ்பேனரைத் தூக்காமல், எந்த ரேடியேட்டர், எங்கே சில்லென்று இருக்கிறது, எத்தனை நாளாக என்று ஒரு ஈமெயில் அனுப்புங்கள். போனில் சொன்னால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. தொட்டுப் பார்ப்பதும் காற்றைத் திறந்துவிடுவதும் வாடகைக்காரரும் செய்யலாம். ரேடியேட்டரைக் கழற்றுவது சொந்த வீட்டுக்காரருக்கான வேலை.

உள்ளே என்ன நடக்கிறது

பாய்லரில் சூடான தண்ணீரை பம்ப் தள்ளுகிறது. அது ஃப்ளோ என்ற குழாய் வழியாக ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் போய், சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. அதே தண்ணீர்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குழாயடித் தண்ணீர் போல வந்து போவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ரேடியேட்டரின் இரண்டு கீழ் மூலைகளிலும் ஒவ்வொரு வால்வு இருக்கும். எண் போட்ட திருகுதலை உள்ளது டிஆர்வி. அறையின் சூட்டைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடும். மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக் தொப்பி போட்டது லாக்‌ஷீல்டு. எவ்வளவு தண்ணீர் போகலாம் என்று பொருத்துகிறவர் ஒருமுறை அமைத்துவிட்டுப் போவது. மேல் மூலையில் சின்னச் சதுர முனை ஒன்று தெரியும், அது காற்றை வெளியேற்றுவதற்கு.

அடிப்பக்கம் சில்லென்று கிடப்பதற்குக் காரணம் உள்ளே படிகிற கசடு. அது எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து வந்த சேறு என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. ரேடியேட்டர் இரும்பு, உள்ளே தண்ணீர், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஆக்சிஜன். மூன்றும் சேர்ந்தால் துருதான். ஆக்சிஜன் குறைவாக உள்ள மூடிய குழாய்க்குள் அது நாம் பார்த்துப் பழகிய செந்துருவாக நிற்காமல் மேக்னடைட் என்ற கரிய தூளாகிறது. தண்ணீரைவிட ஐந்து மடங்கு கனமானது, அதனால் தண்ணீர் மெதுவாக ஓடும் இடத்தில் படிந்துவிடும். ரேடியேட்டரில் அப்படி மெதுவாக ஓடுகிற இடம் அடிப்பக்கத்தின் நடுப்பகுதி. என் ஜீன்ஸின் கால் காயாத இடம்.

அதாவது கசடு என்பது ரேடியேட்டரின் சொந்த உடம்பு, கரைந்து கீழே விழுந்தது. அது தொடர்ந்து உண்டாக வேண்டுமென்றால் புது ஆக்சிஜன் தொடர்ந்து உள்ளே வர வேண்டும். எப்படி வருகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைக் கண்டுபிடிக்காமல் கழுவிக்கொண்டே இருந்தால் இரண்டு குளிர்காலம் கழித்து மறுபடியும் ஜீன்ஸ் காயாது.

ஸ்பேனருக்கு முன்னால் கை

எந்த வேலையும் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள எல்லா ரேடியேட்டர்களையும் தொட்டுப் பாருங்கள். அறை குளிர்ந்திருக்கும் காலை நேரம் நல்லது. எல்லா டிஆர்வியையும் ஐந்தில் வையுங்கள், ஹீட்டிங்கைப் போடுங்கள், அரை மணி நேரம் பொறுங்கள். இதில் அவசரப்பட்டால் பலர் விழுகிற குழியில் நீங்களும் விழுவீர்கள். அறை சூடானதும் டிஆர்வி தானாகத் தண்ணீரைக் குறைத்துவிடும். அப்போது ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி ஆறத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. நன்றாக ஓடும்போதுகூட மேலே இருப்பதைவிடக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருப்பது இயல்பு. "கொஞ்சம் சூடு குறைவு" என்பதும் "சில்லென்று கிடக்கிறது" என்பதும் வேறு வேறு.

இப்போது தொடுங்கள். புறங்கையால், சட்டென்று. குழாய்களில் எழுபது டிகிரி இருக்கலாம்.

மேலே சில்லென்று, கீழே சூடு என்றால் காற்று அடைத்திருக்கிறது. அடிநடுவில் சில்லென்று, மேல்பக்கமும் இரு ஓரங்களும் சூடு என்றால் கசடு. ரேடியேட்டர் முழுதும் சில்லென்று இருந்தால் அவசரப்பட்டு அடைப்பு என்று முடிவு கட்டாதீர்கள், கீழே வருகிற இரண்டு குழாய்களையும் தொடுங்கள். வால்வு வரை குழாய் சுடுகிறது, அதற்கு மேல் சூடே இல்லை என்றால் வால்வு மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு குழாய்களுமே ஆறிக்கிடந்தால் தண்ணீர் அங்கே வந்தே சேரவில்லை.

வந்து சேராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, குழாயில் அடைப்பு. இன்னொன்று, பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கிற ரேடியேட்டர்கள் தண்ணீரை எல்லாம் வாங்கிக்கொள்கின்றன, கடைசி வாய்க்காலுக்கு வரவில்லை. தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மற்ற எல்லா ரேடியேட்டர்களின் டிஆர்வியையும் பூஜ்யத்தில் மூடிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். சில்லென்று இருந்தது இப்போது சூடானால் அடைப்பு இல்லை, பங்கீடுதான் சரியில்லை. அப்போதும் அசையாமல் கிடந்தால் அடைப்பு.

மாடியில் எல்லாம் சூடு, கீழ்த்தளத்தில் எதுவுமே சரியாக இல்லை என்றால் கசடு வீடு முழுக்கப் பரவியிருக்கலாம், பம்ப் பலவீனமாகவும் இருக்கலாம். கூடவே பாய்லர் கொதிக்கிற கெட்டில் போல உறுமுகிறதா? ஹீட்டிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒரே பெட்டியாக இருக்கிற காம்பி பாய்லர் என்றால், குளியலறைத் தண்ணீர் சூடாக வந்து சட்டென்று வெதுவெதுப்பாகிறதா? அப்படியென்றால் கசடு பாய்லருக்குள்ளும் போயிருக்கலாம்.

என்ன தெரிந்ததோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த அறை, எங்கே சூடு, எங்கே இல்லை. பிளம்பரைக் கூப்பிட நேர்ந்தால் இந்தத் தாள் உங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.

வெள்ளைக் கோப்பையும் காந்தமும்

ஹீட்டிங்கை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். ரேடியேட்டர் சாவி ஓரிரு பவுண்டுக்குக் கிடைக்கும். மேல் மூலையில் உள்ள சதுர முனையில் சாவியைப் பொருத்தி, கீழே பழைய துணியைப் பிடித்துக்கொண்டு, இடதுபக்கமாகக் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது அந்தச் சின்னத் திருகைத் திருப்பிப் போடுவது பெரும்பாடு. முதலில் புஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் கொப்பளித்துத் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் எதுவும் வேண்டாம். துரு பிடிக்கும்போது ஹைட்ரஜனும் உண்டாகும், வெளியே வருவது வெறும் காற்றுதான் என்று நிச்சயமில்லை.

வருகிற தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் நிம்மதி. என் கோப்பையில் வந்தது முதல் டிகாஷன் மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் அசையாமல் வைத்தேன். அடியில் கண்மை போல ஒரு படிவு. கோப்பைக்கு வெளியே ஃப்ரிட்ஜ் காந்தத்தைக் காட்டினால் அந்தக் கறுப்பு மொத்தமாக அந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது. மேக்னடைட்டைக் காந்தம் இழுக்கும். வேறு எந்தச் சோதனையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. தண்ணீர் கறுப்பாக இல்லாமல் செம்பழுப்பாக வந்தால் இன்னும் கவனம் தேவை, இப்போதும் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காந்தத்துக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது. செம்புக் குழாயில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே கசடு கெட்டியாக அடைத்திருக்கிறது. மாடிப் பரணில் சின்னத் தொட்டி இருக்கும் பழைய வகை அமைப்பில், அந்தத் தொட்டியிலிருந்து வரும் குழாய் சுடுதண்ணீர்க் குழாயோடு சேர்கிற முடிச்சில் இப்படி அடைப்பது வழக்கம். காந்தத்தை அங்கே வைத்துப் பாருங்கள்.

காற்றை விட்ட பிறகு அழுத்தம் குறையும். காம்பி பாய்லரின் அடியில் முள் காட்டும் சின்ன வட்டம் இருக்கும். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அடியில் உள்ள நிரப்புக் குழாயின் வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் இரண்டையும் இறுக மூடுங்கள். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீர் வீட்டுக்கு வெளியே கொட்டிவிடும்.

ஸ்பேனரோடு முடிகிற கோளாறுகள்

டிஆர்வியின் திருகுதலைக்கு அடியில் ஒரு சின்ன ஊசி இருக்கும். கோடை முழுக்க மூடிய நிலையில் அழுந்திக் கிடந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். அக்டோபரில் ஹீட்டிங் போட்டதும் "ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை" என்று வருகிற புகார்களில் இதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். தலையின் அடிவளையத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, ஊசியின் மேல் ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தை வைத்து மெதுவாக அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் தானாக மேலே வர வேண்டும். வராவிட்டால் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள், மறுபடி அழுத்துங்கள். குறடால் பிடித்து மேலே இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கும், அப்புறம் உங்கள் கார்ப்பெட்டும் கீழ்வீட்டுக்காரரின் கூரையும் சேர்ந்து நனையும்.

பங்கீடு சரியில்லை என்று தெரிந்தால், பாய்லருக்குப் பக்கத்தில் சீக்கிரம் சூடாகிற ரேடியேட்டர்களின் லாக்‌ஷீல்டைக் கால் கால் சுற்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தூரத்தில் இருப்பதை முழுதாகத் திறந்து வையுங்கள். ஒரே நாளில் முடியாது. ஒவ்வொரு முறை திருகியதும் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். பொறுமைதான் வேலை.

கசடு கொஞ்சமாக இருந்தால் கழற்றாமலே அசைக்க முயலலாம். மற்றவற்றை எல்லாம் மூடிவிட்டு, பம்பின் மொத்த வேகமும் இந்த ஒன்றின் வழியாகப் போகும்படி ஹீட்டிங்கைப் போடுங்கள். ஒரு மரக்கட்டையை ரேடியேட்டரின் அடிப்பக்கம் வைத்து, அதன் மேல் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். தகட்டை நேரடியாகத் தட்டினால் பெயிண்ட் போகும். பாதி நேரம் இதில் பலன் இருக்கும். ஆனால் அசைந்த கசடு மறைந்துவிடாது, திரும்பி பாய்லர் பக்கம்தான் போகும். ரிட்டர்ன் குழாயில் கசடைப் பிடிக்கிற காந்த ஃபில்டர் இல்லாத வீட்டில் இதை நான் செய்ய மாட்டேன்.

கழற்றிக் கழுவுதல்

ஒரே ஒரு ரேடியேட்டரில்தான் கசடு, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால் இதுதான் சிறந்த வழி. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலை, துணைக்கு ஒரு ஆள், மழை இல்லாத நாள், மூன்றும் வேண்டும். இரட்டைத் தகடு ரேடியேட்டர் காலியாகவே முப்பது கிலோ இருக்கும். இது வீட்டில் அக்கா தங்கையைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்கிற கனம் இல்லை என்று சொல்ல நினைத்தேன், எங்கள் வீட்டில் கடைசியில் தூக்கியது என் அக்காதான்.

பாய்லரை அணைத்து, தண்ணீர் முழுதாக ஆறட்டும். தரையில் பழைய போர்வைகளைத் தாராளமாக விரியுங்கள். இந்தக் கறுப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில் விழுந்தால் போகாது. எங்கள் ஹாலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை, அதன் மேல் இப்போது பூந்தொட்டி இருக்கிறது.

இனி வால்வுகள். டிஆர்வியை பூஜ்யத்தில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குளிரில் குழாய் உறையாமல் இருக்க, அறை ஆறேழு டிகிரிக்குப் போனால் அது தானாகத் திறந்துகொள்ளும் வகைகள் உண்டு. கழற்றிய நேரத்தில் கதவு திறந்து கிடந்து அறை குளிர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தலையை எடுத்துவிட்டு, ஊசியை அழுத்தி மூடி வைக்கிற திருகு மூடியைப் போடுங்கள். வால்வு வாங்கும்போது கூடவே வரும், இல்லையென்றால் தனியாக வாங்கலாம். மறுபக்கம் லாக்‌ஷீல்டின் தொப்பியைக் கழற்றி, வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, சுவரிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். திரும்பப் போடும்போது அதே அளவு திறந்தால் பழைய பங்கீடு கெடாது.

ஒரு பக்கத்து நட்டின் அடியில் தட்டை வையுங்கள். ஒரு ஸ்பேனரால் வால்வை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொன்றால் ரேடியேட்டர் பக்க நட்டைத் திருக வேண்டும். வால்வைப் பிடிக்காமல் திருகினால் தரைக்குள் போகிற செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வைப் பார்த்தபடி, இடஞ்சுழியாக. லேசாகக் கசியத் தொடங்கியதும் நிறுத்தி, மேலே காற்றுத் திருகைத் திறங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் ஒழுங்காக வெளியே வரும். தட்டு நிரம்பியதும் நட்டை இறுக்கி, வாளியில் கொட்டி, மறுபடி. ஒரு மீட்டர் நீள இரட்டைத் தகட்டில் ஐந்தாறு லிட்டர் இருக்கும். வாளி நிறைந்த பிறகும் அதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு வால்வு மூடவில்லை. நட்டை இறுக்கிவிட்டு வேலையை அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள்.

தண்ணீர் நின்றதும் மறுபக்க நட்டையும் கழற்றி, இரண்டு வாயிலும் துணியை அடைத்து, கொக்கிகளிலிருந்து மேலே தூக்கி எடுங்கள். வாய்கள் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துத் தூக்கிக்கொண்டு போகலாம். அடியில் தங்கியிருக்கிற கடைசி அரை லிட்டர்தான் மொத்தத்திலும் கறுப்பானது.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே இன்னொரு சோதனையை முடித்துவிடுங்கள். வால்வு வாயில் வாளியைப் பிடித்து, ஒரு பக்கத்தை இரண்டே நொடி திறந்து மூடுங்கள். அப்புறம் மறுபக்கம். இரண்டிலும் பீய்ச்சியடித்தால் குழாய்கள் சுத்தம், கோளாறு ரேடியேட்டருக்குள் மட்டும்தான். ஒன்றில் சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு குழாயில். எட்டு, பத்து மில்லிமீட்டர் மெல்லிய குழாய் போட்ட வீடுகளில் இது சாதாரணம். அதை நீக்குவது தொழில் தெரிந்தவருக்கே சவால்.

தோட்டத்துக் குழாயை ஒரு வாயில் வைத்துத் திறந்துவிடுங்கள். மறு வாயிலிருந்து கறுப்பு மை கொட்டும். தலைகீழாகத் திருப்பி, மறுபக்கத்திலிருந்தும் விடுங்கள். நடுநடுவே ரப்பர் சுத்தியலால் தட்டினால் கட்டி கட்டியாக விழும். என்னுடையது தெளிய முக்கால் மணி நேரம் ஆனது. இந்தத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது, அது நேராக ஓடைக்குப் போகும். கழிவுநீர்ச் சாக்கடையில்தான் விட வேண்டும். எது எது என்று தெரியவில்லை என்றால் வாளியில் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது நட்டுக்குள் முட்டுகிற கூம்பு முகங்களைத் துணியால் பளிச்சென்று துடையுங்கள். ஒரு துகள் இருந்தாலும் கசியும். நட்டை இறுக்கி, லாக்‌ஷீல்டை எழுதி வைத்த அளவு திறந்து, காற்றை விட்டு, அழுத்தத்தை ஏற்றி, இரண்டு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும்.

வீடு முழுக்க என்றால்

நாலைந்து ரேடியேட்டர்களில் ஒரே கதை என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றுவது வீண். கசடு கரைக்கிற மருந்து இருக்கிறது. ஃபெர்னாக்ஸ், சென்டினல் ஆகிய இரண்டும் எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். அமைப்பில் ஊற்றி, புட்டியில் போட்டிருக்கிற நேரம் வரை ஹீட்டிங்கை ஓடவிட்டு, மொத்தத் தண்ணீரையும் வடித்து, தெளியும் வரை நிரப்பி வடிக்க வேண்டும். பழைய மெலிந்த ரேடியேட்டரில் இதற்குப் பிறகு ஊசித் துளை தெரிவதுண்டு. மருந்து ஓட்டை போடவில்லை, ஓட்டையை அடைத்திருந்த துருவை எடுத்துவிட்டது. அதற்கு மனதளவில் தயாராக இருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பவர் ஃப்ளஷ். பெரிய பம்பை இணைத்து, திசையை மாற்றி மாற்றி வேகமாகத் தண்ணீரை ஓட்டுவார்கள். சில நூறு பவுண்டு ஆகும், ஒரு நாள் வேலை. ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒவ்வொரு ரேடியேட்டரையும் தனித்தனியாக ஓட்டுவீர்களா? முடிவில் துருவைத் தடுக்கிற பாதுகாப்பு மருந்து ஊற்றுவீர்களா? ஃபில்டர் பொருத்துவீர்களா? மூன்றாவதற்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பாய்லரின் மூடியைத் திறக்கிற எந்த வேலையானாலும் கேஸ் வேலைக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் செய்ய வேண்டும், அது சட்டம். அட்டையைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம், பின்பக்கத்தில் என்னென்ன வேலைக்குத் தகுதி என்று போட்டிருக்கும்.

மறுபடி வராமல் இருக்க

காந்த ஃபில்டர் பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் உட்காரும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, உள்ளே உள்ள காந்தத்தை உருவித் துடைக்கும்போது கரும்பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். இன்ஹிபிட்டர் என்ற பாதுகாப்பு மருந்து இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து துருவைத் தடுக்கும். ஒரு லிட்டர் புட்டி சுமார் நூறு லிட்டர் தண்ணீருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து ரேடியேட்டர் உள்ள வீட்டுக்குப் போதும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிய அன்றே, திரும்ப மாட்டிய பிறகு நிரப்புவதற்கு முன், மேலே காற்றுத் திருகு இருக்கிற மூடியைக் கழற்றி, புனல் வைத்து உள்ளே ஊற்றிவிடலாம். பிஎஸ் 7593 என்ற பிரிட்டிஷ் தரக்குறிப்பு இந்த மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறது. சோதனைக் காகிதம் சில பவுண்டுதான்.

சரி, இப்போது ஆக்சிஜன் எப்படி வருகிறது என்ற கேள்வி. மூடிய அமைப்புக்குள் முதல்நாள் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் சில நாட்களில் தீர்ந்துவிடும். அப்புறம் துரு வேகம் பெற முடியாது. என் வீட்டில் எப்படி இவ்வளவு கசடு?

முதல் குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் ஒரு சடங்கு போல அழுத்தம் ஏற்றினேன். முள் 0.6-க்கு இறங்கியிருக்கும், நிரப்பு வால்வைத் திறப்பேன், 1.2-க்குக் கொண்டுபோவேன். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் போல என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர், புது ஆக்சிஜன், கூடவே இருந்த மருந்தும் நீர்த்துப்போனது. கசடுக்குத் தீனி போட்டதே நான்தான். தண்ணீர் எங்கே போனது? மாடிப்படித் திருப்பத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில், ஒரு வால்வின் நட்டு மூட்டில் பச்சைப் பூஞ்சை மாதிரி உப்பு பூத்திருந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து ஸ்பூன் கசிவு. சூடான குழாய் என்பதால் ஈரமே தெரியாமல் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கால் சுற்று இறுக்கியதோடு நின்றது.

அதனால் கழுவுவது பாதி வேலைதான். எல்லா மூட்டிலும் டிஷ்யூ சுற்றிப் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்த இடத்தைத் தேடுங்கள், வெளிச்சுவரில் பாதுகாப்பு வால்வின் குழாய் சொட்டுகிறதா என்று பாருங்கள். அங்கே சொட்டினால் சூடாகி விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுக்க பாய்லருக்குள் இருக்கும் விரிவுத் தொட்டி கெட்டிருக்கலாம், அதற்கு கேஸ் சேஃப் ஆள் வர வேண்டும். கோடையில் ஹீட்டிங்கை நிறுத்தும்போது டிஆர்விகளை மூடாமல் ஐந்திலேயே விட்டுவிடுங்கள், ஊசி ஒட்டாது.

கழுவி மாட்டிய அன்று மாலை, பாய்லர் ஆறியதும், முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். மறு ஞாயிறு காலை, வழக்கம்போல ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். முள் கோட்டின் மேலேயே இருந்தது. நிரப்பு வால்வைத் தொடாமல் இறங்கி வந்து காபி போட்டேன்.